புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறுகோடு: திருப்பதி போலி இணையதளங்கள் உணர்த்தும் டொமைன் பெயர் பாடம்

திருச்சானூர்: திருமலை ஏழுமலையானையும் திருச்சானூர் பத்மாவதி தாயாரையும் தரிசிக்கத் திட்டமிடும் பக்தர்கள் பலர், இன்று பயணத்தை இணையத்தில்தான் தொடங்குகின்றனர். 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டு, தங்கும் அறை, சேவை, நன்கொடை ஆகிய அனைத்தும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதளம் வழியாகப் பெறப்படுகின்றன. இந்த நம்பிக்கையையே மூலதனமாக்கிப் போலி இணையதளங்கள் பணம் பறித்து வருகின்றன.

2023 ஏப்ரல் மாதத்தில் இத்தகைய ஒரு போலி இணையதளம் குறித்து, தேவஸ்தானத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அளித்த புகாரின்பேரில், திருமலை முதல் நகரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. ஏற்கெனவே 40 போலி இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்த நிலையில், இது 41-ஆவது என்று தேவஸ்தானம் அறிவித்தது. அப்போது அதிகாரப்பூர்வ முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்' என்பதாகும். போலியின் முகவரி 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்' என்று அமைந்திருந்தது. இரண்டு புள்ளிகள் இருந்த இடத்தில் இரண்டு சிறுகோடுகள். இறுதியில் 'இன்' என்பதற்குப் பதிலாக 'ஆர்க்'. அவசரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் இணையத்தின் பெயர் அமைப்பில் இவ்விரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த வேறுபாட்டை அறிவது பக்தர்களுக்கு மட்டுமன்றி, சொந்தமாக டொமைன் பெயர் வைத்திருக்கும் விடுதி உரிமையாளர்கள், பயண ஏற்பாட்டாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோருக்கும் அவசியமாகிறது. ஒரு பெயர் உண்மையில் யார் கையில் இருக்கிறது, அது எவ்வாறு கைநழுவக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்

அஞ்சல் உறையில் முகவரி எழுதும்போது முதலில் பெயர், பின்னர் தெரு, அடுத்து திருச்சானூர், திருப்பதி மாவட்டம், இறுதியாக ஆந்திரப் பிரதேசம் என்று எழுதுகிறோம். சிறியது முன்னும் பெரியது பின்னுமாக அமைகிறது. ஆனால் கடிதத்தைப் பிரித்தனுப்பும் அஞ்சல் ஊழியர் கடைசி வரியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். டொமைன் பெயரும் அவ்வாறே. வலப்பக்கக் கடைசிச் சொல்லே மிகப் பெரிய எல்லை. ஒவ்வொரு புள்ளியும் அதிகாரம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறக்கூடிய எல்லைக்கோடு.

இம்முறையில் 'ஏபி.கவ்.இன்' என்பதை வாசித்தால், 'இன்' இந்தியாவுக்குரிய பெயர்வெளி. அதனுள் 'கவ்' அரசு அமைப்புகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. தேசிய தகவலியல் மையம் இதனை நிர்வகிக்கிறது. அதனுள் 'ஏபி' ஆந்திரப் பிரதேச அரசுக்குரியது. எனவே 'ஏபி.கவ்.இன்' என்று முடியும் ஒரு பெயரைத் தனியார் எவரும் விலைக்கு வாங்க இயலாது.

சிறுகோட்டுக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. அது பெயருக்குள் வரும் மற்றோர் எழுத்து மட்டுமே. ஆகவே 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்' என்பது முழுவதும் ஒரே சொல். 'ஆர்க்' என்னும் பொதுப் பெயர்வெளியில், ஆண்டுக் கட்டணம் செலுத்தி எவரும் பதிவு செய்துகொள்ளக்கூடிய சொல் அது.

தேவஸ்தானத்தின் முகவரி மாற்றங்களையும் இக்கோணத்தில் நோக்கலாம். 2020 மே மாதம் வரை இணையவழி முன்பதிவு 'டிடிடிசேவாஆன்லைன்.காம்' என்ற முகவரியில் நடைபெற்றது. பின்னர் அது அரசுப் பெயர்வெளிக்குள் மாற்றப்பட்டது. 2024 ஜனவரியில், ஒரே அமைப்பு, ஒரே இணையதளம், ஒரே கைபேசிச் செயலி என்ற அடிப்படையில் 'டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.கவ்.இன்' என்ற இப்போதைய பெயர் நடைமுறைக்கு வந்தது. 'காம்' என்று முடியும் பெயரில் அசலுக்கும் போலிக்கும் ஓரெழுத்து வேறுபாடே இருக்கலாம். அரசுப் பெயர்வெளியிலோ, கடைசி மூன்று சொற்களைச் சரிபார்த்தாலே போதும்.

முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னத்தை நம்பிக்கைச் சான்றாகக் கொள்வது தவறு. தகவல் வழியில் திருடப்படாது என்பதை மட்டுமே அச்சின்னம் உறுதி செய்கிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது கூறாது. தம் பெயரில் உள்ள டொமைனுக்கு அத்தகைய சான்றிதழை எவரும் இலவசமாகவே பெறலாம். போலித் தளத்தை நடத்துபவரும் பெறலாம்.

பெயர் எண்ணாக மாறுவது எப்படி?

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. மனிதர்கள் நினைவில் வைக்கும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தரும் அமைப்பே டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் முறைமை. அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் இதனை வடிவமைத்தார். அதற்கு முன்னர், இணைப்பில் இருந்த கணினிகள் அனைத்தின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் நகல் எடுக்கப்பட்டு வந்தன. எண்ணிக்கை பெருகியபோது அம்முறை தாங்கவில்லை. எனவே பெயர்களைப் பராமரிக்கும் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்பட்டது.

'என்விடுதி.இன்' என்று ஒரு பெயர் இருப்பதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். அதனைக் கைபேசியில் தட்டச்சு செய்தால், இணையச் சேவை நிறுவனத்தின் கணினி முதலில் ரூட் சர்வரை அணுகுகிறது. 13 பெயர்களில் இயங்கும் ரூட் சர்வர்களுக்கு இந்தியா உட்பட உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல் நிலையங்கள் உள்ளன. 'இன்' பற்றிய தகவல் யாரிடம் உள்ளது என்பதை ரூட் சர்வர் தெரிவிக்கிறது. 'இன்' பதிவகத்தை, 2003-இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸி நடத்துகிறது. அந்தப் பதிவகம், 'என்விடுதி' குறித்த விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வர்களின் பெயர்களைத் தருகிறது. அந்த நேம்சர்வரே இறுதியாக எண்ணைச் சொல்கிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நிகழ்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவகத்துக்கு விடுதியின் இணையதளமோ மின்னஞ்சலோ எங்கே இருக்கிறது என்று தெரியாது. எந்த நேம்சர்வரைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும். ஆகவே நேம்சர்வரை மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, அந்தப் பெயரின் இணையதளம், மின்னஞ்சல் அனைத்தும் அவர் கையில் உள்ளன.

மூன்று கணக்குகள், மூன்று பொறுப்புகள்

சொந்த டொமைன் வைத்திருப்போர் பெரும்பாலும் குழம்புவது இங்குதான். முதலாவது, பெயரைப் பதிவு செய்துதரும் நிறுவனம். இரண்டாவது, நேம்சர்வரை நடத்தும் நிறுவனம். மூன்றாவது, இணையதளக் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம். இம்மூன்றும் ஒரே நிறுவனமாக இருக்கலாம், வெவ்வேறாகவும் இருக்கலாம்.

ஹோஸ்டிங் நிறுவனம் செயலிழந்தால் வேறோர் இடத்துக்கு மாறலாம். நேம்சர்வர் செயலிழந்தால் பதிவு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து வேறு நேம்சர்வரைச் சுட்டலாம். ஆனால் பதிவு நிறுவனத்தின் கணக்கே பிறர் பெயரில் இருந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இணையதளத்தை வடிவமைத்துத் தருபவரே தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிவு செய்துவிடுவது சிறு வணிகத்தில் இயல்பாக நடப்பதாகும். பின்னாளில் அவர் தொழிலை மாற்றினாலோ, கட்டணத் தகராறு எழுந்தாலோ, பல ஆண்டுகள் பெயர்ப் பலகையிலும் ரசீதிலும் அச்சிட்ட முகவரி உரிமையாளருக்குக் கிடைக்காமல் போகும். கடை வாடகை ஒப்பந்தத்தை எவரும் வேறொருவர் பெயரில் எழுதமாட்டார்கள். டொமைன் பதிவும் அத்தகைய ஒப்பந்தமே.

அறிய வேண்டிய ரெக்கார்டுகள்

நேம்சர்வரில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ரெக்கார்டு எனப்படும். சாதாரண உரிமையாளர் அறிய வேண்டியவை சிலவே.

ஏ ரெக்கார்டு: பெயரை, நான்கு பகுதிகள் கொண்ட ஐபிவி4 எண்ணுடன் இணைக்கிறது. புதிய ஐபிவி6 எண்ணுக்கு நான்கு 'ஏ' எழுத்துகளால் ஆன ரெக்கார்டு பயன்படுகிறது.

சிநேம் ரெக்கார்டு: ஒரு பெயரை மற்றொரு பெயரின் மறுபெயராக அறிவிக்கிறது. சிநேம் உள்ள பெயரில் வேறு ரெக்கார்டுகளை எழுத இயலாது. எனவே முன்னொட்டு ஏதுமற்ற முதன்மைப் பெயருக்கு இதனைப் பயன்படுத்தக் கூடாது.

எம்எக்ஸ் ரெக்கார்டு: மின்னஞ்சலை எந்தக் கணினி பெற்றுக்கொள்ளும் என்று கூறுகிறது. உடன் வரும் எண் முன்னுரிமையைக் குறிக்கும். சிறிய எண்ணுக்கே முதலிடம்.

டிஎக்ஸ்டி ரெக்கார்டு: பிற சேவைகள் வாசிப்பதற்கான உரைக் குறிப்பு. போலி மின்னஞ்சலைத் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும் இவ்வடிவிலேயே எழுதப்படுகின்றன.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே இன்று முக்கியத்துவம் மிக்கது. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை எவரும் எழுதிக்கொள்ள முடியும். விடுதியின் முகவரியிலிருந்து வருவது போன்ற கடிதத்தில், முன்பணத்தை வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு கேட்பது அறியப்பட்ட மோசடி முறை. எந்தக் கணினிகள் தம் சார்பில் கடிதம் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் பட்டியலிடுகிறது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் சரிபார்ப்பு தோல்வியடையும். டிகேஐஎம் ஒவ்வொரு கடிதத்திலும் இலக்கமுறை முத்திரை பதிக்கிறது. இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்பதை டிமார்க் கூறுகிறது: வெறும் கண்காணிப்பு, ஸ்பேம் பெட்டிக்கு அனுப்புதல், முற்றிலும் நிராகரித்தல் ஆகிய மூன்றில் ஒன்று. நாள்தோறும் 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியது. சிறிய அளவில் அனுப்புவோரும் இவற்றை அமைத்தால், அவர்களது உண்மையான கடிதங்கள் ஸ்பேம் பெட்டியில் விழும் வாய்ப்புக் குறையும்.

நேம்சர்வரை மாற்றும்போது

இணையதளம் சரியாகத் திறக்கிறது. ஆனால் முன்பதிவுக் கடிதங்கள் வருவதில்லை. நேம்சர்வரை மாற்றியபின் அடிக்கடி கேட்கப்படும் புகார் இது. காரணம் எளிது. நேம்சர்வரை மாற்றும்போது பழைய ரெக்கார்டுகள் தாமாகவே இடம்பெயர்வதில்லை. புதிய இடத்தில் ஏ ரெக்கார்டை மட்டும் எழுதி, எம்எக்ஸ் ரெக்கார்டை மறந்துவிடுகின்றனர். தளம் இயங்குவதால் பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இதனைத் தவிர்க்க ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் பழைய நேம்சர்வரில் உள்ள எல்லா ரெக்கார்டுகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் புதிய இடத்தில் ஒன்றுவிடாமல் அமைத்து, சரியான விடை கிடைக்கிறதா என்று சோதிக்க வேண்டும். டிஎன்எஸ்செக் எனப்படும் இலக்கமுறைக் கையொப்பப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், அதற்குரிய டிஎஸ் ரெக்கார்டை முன்கூட்டியே நீக்க வேண்டும். பழைய கையொப்பக் குறிப்பு பதிவகத்தில் எஞ்சியிருந்தால், பல இணையச் சேவைகள் அந்த டொமைனையே திறக்க மறுத்துவிடும். இவை முடிந்த பின்னரே பதிவு நிறுவனத்தின் கணக்கில் நேம்சர்வர் பெயர்களை மாற்ற வேண்டும்.

மாற்றம் உடனடியாக எல்லோருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டுடனும் டிடிஎல் எனப்படும் ஆயுட்காலம் விநாடிகளில் குறிக்கப்படுகிறது. 86,400 என்று இருந்தால், ஒருமுறை கேட்டறிந்த கணினி அந்த விடையை 24 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். எனவே மாற்றத்துக்கு ஓரிரு நாள்களுக்கு முன்பே ரெக்கார்டுகளின் டிடிஎல் அளவை 300 விநாடியாகக் குறைப்பது நல்லது. நேம்சர்வர் பெயர்களுக்கு 'காம்' பதிவகம் குறிக்கும் ஆயுட்காலம் 1,72,800 விநாடி, அதாவது 2 நாள். ஆகவே புதிய நேம்சர்வர் இயங்கத் தொடங்கிய பின்னும் பழையதைக் குறைந்தது 3 நாள்களுக்கு நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும்.

நேம்சர்வர்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது பொது விதி. அவை வெவ்வேறு வலையமைப்புகளில் இருப்பது மேலும் பாதுகாப்பானது. 2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குப் பின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை சுமார் 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியில் நேர்ந்த பிழையால் அந்நிறுவனத்தின் வலையமைப்பு இணைப்பு அறுந்தது. நேம்சர்வர்களும் அதே வலையமைப்புக்குள் இருந்ததால், அவற்றை வெளியுலகம் அணுக முடியாமல் போயிற்று.

பெயர் கைநழுவும் வழிகள்

டொமைன் பெயர் விலைக்கு வாங்கும் சொத்தன்று. ஆண்டுக் கணக்கில் பெறும் குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். 'காம்' போன்ற பொதுப் பெயர்களில் காலக்கெடு முடிந்தபின், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்கள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். நீக்கப்பட்ட பெயரைக் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள்கள் உண்டு. அதன்பின் 5 நாள்களில் பெயர் பொதுவில் விடப்படும். எவரும் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பெற்றவருக்கு, பழைய உரிமையாளரின் வாடிக்கையாளர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களும் சென்று சேரும். எனவே புதிய பெயருக்கு மாறும் நிறுவனங்கள் பழைய பெயரையும் சில ஆண்டுகள் புதுப்பித்து வைத்திருப்பதே முறை.

நினைவூட்டல் கடிதங்கள் பதிவு நிறுவனத்திடம் கொடுத்த மின்னஞ்சலுக்கே வரும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், டொமைன் முடங்கும் நாளில் மின்னஞ்சலும் முடங்கிவிடும். கடவுச்சொல்லைக்கூட மீட்க இயலாது. ஆகவே தொடர்பு மின்னஞ்சல் வேறொரு சேவையில் இருக்க வேண்டும்.

பயன்பாடற்ற ரெக்கார்டுகளை நீக்காமல் விடுவதும் ஆபத்தானது. ஒரு கிளவுட் சேவையைச் சுட்டும் சிநேம் ரெக்கார்டை எழுதிவிட்டு, பின்னர் அச்சேவையை மட்டும் நிறுத்திவிட்டால், அதே சேவையில் அந்த இடத்தை வேறொருவர் பெற வாய்ப்புண்டு. அப்போது உண்மையான டொமைனின் கீழேயே போலிப் பக்கம் இயங்கும். முகவரியைச் சரியாக வாசிக்கத் தெரிந்த வாடிக்கையாளர்கூட ஏமாறுவார்.

பெயரைப் பிறர் போலி செய்தால்

டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு நிகரான பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் 'சிஃபி' என்னும் பெயரை ஒத்த டொமைனைப் பயன்படுத்திய சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது.

'இன்' என்று முடியும் பெயர்களுக்கு, நீதிமன்றம் செல்லாமலே நிக்ஸியின் தகராறு தீர்வுக் கொள்கையின்கீழ் நடுவர் முன் முறையிடலாம். போலிப் பெயர் தம் பெயரைக் குழப்பும் அளவுக்கு ஒத்துள்ளது, எதிர்த்தரப்புக்கு அப்பெயரில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கில் பதிவு செய்யப்பட்டது அல்லது பயன்படுத்தப்படுகிறது என்பவற்றை முறையீட்டாளர் நிறுவ வேண்டும். 'காம்', 'ஆர்க்' போன்றவற்றுக்கு 1999 முதல் தனி உலகளாவிய கொள்கை நடைமுறையில் உள்ளது.

எனினும் ஒரு போலியை முடக்கினால் மற்றொன்று முளைப்பதைத் திருப்பதி அனுபவம் காட்டுகிறது. எனவே அசல் பெயரை எளிதில் அடையாளம் காணச் செய்வதே நிலையான வழி. இந்திய ரிசர்வ் வங்கியும் அவ்வழியையே தேர்ந்தது. வங்கிகளுக்கு மட்டுமான 'பேங்க்.இன்' பெயர்வெளியை 2025 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வங்கிகளைப் பணித்தது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அப்பெயர்களைப் பதிவு செய்கிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

டொமைன் உரிமையாளர்களுக்கு:

• பதிவுக் கணக்கு உரிமையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் பெயர்மாற்றப் பூட்டையும் இயக்க வேண்டும்.

• தானியங்கிப் புதுப்பித்தலை அமைத்து, அதற்குரிய அட்டை காலாவதியாகவில்லை என்பதை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்.

• ரெக்கார்டுகளின் நகல் ஒன்றைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்.

பக்தர்களுக்கும் பொதுமக்களுக்கும்:

• தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல், முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

• பணம் செலுத்துமுன், முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து வாசித்து, அது புள்ளிகளுடன் 'ஏபி.கவ்.இன்' என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

• பணம் இழந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்திலும் புகார் அளிக்கலாம். விரைவாகத் தெரிவித்தால், பணம் மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வெளியேறுமுன் முடக்கப்பட வாய்ப்பு அதிகம்.